தோர்ணக்கல் பேராயர் அசரியா

ஒடுக்கப்பட்டோரிடம் இரக்கம் காட்டினோர் பலர். அவர்தம் ஆற்றலை நம்பியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் ஊத்துக்கோட்டையைக் கடந்தால் தெலுங்கு நாடு தொடங்குகிறது. அந்நாட்டின் உட்பகுதியில், நம்மையொத்த மக்களிடையே வாழ்ந்து மறைந்த இத்தமிழரின் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நலம்.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்டு 17ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் சிற்றூர்ச் சபையின் குருவானவர். 1889இல் அவர் மறைந்தபின் அன்னையாரின் அரவணைப்பில் வளர்ந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். 1895 முதல் 1909 வரை கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னகமெங்கும் சுற்றினார். இந்தியரின் பொருளாலும் உழைப்பாலுமே இறைப்பணி நடைபெற வேண்டும் என்னும் நோக்குடன் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கமும், 1905இல் தேசிய மிஷனெரி சங்கமும் தோன்ற அவர் முன்னின்றார்.

பிறரை அனுப்பியதோடு அவர் மனம் அமையவில்லை. 1909இல் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, அந்நாளில் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே சென்றார். தெலுங்கு மொழியைக் கற்று, மாலர், மாதிகர் வாழ்ந்த சேரிகளில் தொண்டாற்றினார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில், வெள்ளையர் இந்திய ஊழியரை மேலிருந்து நோக்காது நண்பராக மதிக்க வேண்டுமென அஞ்சாது உரைத்தார். அவ்வுரை அவையில் சிலருக்குக் கசந்தது. எனினும் 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே.

பதவி உயர்ந்தபோதும் அவர் சேரியை விட்டு நீங்கவில்லை. மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். பகலெல்லாம் கூலி வேலைக்குச் செல்வோருக்கு இரவே ஓய்வு என்பதை உணர்ந்து, அந்திக்குப்பின் வழிபாடும் போதனையும் நடைபெறச் செய்தார். அசுத்தம், நோய், கடன், குடி ஆகிய நான்கும் ஏழையின் பகைவர் என்று இடைவிடாது எடுத்துரைத்தார். மாலரும் மாதிகரும் தம்முள் வேற்றுமை பாராட்டி உடனுண்ண மறுத்த காலத்தில், இருவரும் ஒரே பந்தியில் அமர வேண்டுமென்று வற்புறுத்தினார். அஃது எளிதில் கைகூடவில்லை. ஆயினும் அவர் தளரவில்லை.

அவர்தம் பணிகளுள் தலையாயது ஆள் பயிற்றுதலே. எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகளைத் தேர்ந்து, ஆசிரியராகவும் ஆயராகவும் உருவாக்கினார். ஊழியரின் மனைவியரும் உடன் பயிற்சி பெற்றனர். அதில் அவர் துணைவியார் அன்பு மாரியம்மாள் பெரும்பங்கு ஏற்றார். 1935 அளவில் அத்திருமண்டலத்தில் ஏறத்தாழ 250 இந்தியக் குருமாரும் 2,000க்கு மேற்பட்ட கிராம ஆசிரியரும் பணியாற்றினர். நேற்றுவரை பிறர் முன் நிற்கவும் அஞ்சியவரின் மைந்தர், பலர் முன் நின்று போதிப்பவராயினர்.

தாழ்த்தப்பட்டோரின் மதமாற்றம் குறித்துக் காந்தியடிகள் 1930களில் ஐயம் எழுப்பினார். ஏழைகள் சமயத்தை ஆய்ந்து தேரும் நிலையில் இல்லை என்பது அவர் கருத்து. அடிகளிடம் மதிப்புக் கொண்டிருந்தும் அசரியா இதனை ஏற்கவில்லை. எளியோருக்கும் மனமும் மனச்சான்றும் உண்டு. தம் வழியைத் தாமே தேரும் உரிமையும் உண்டு என்பதே அவர் கொள்கை. சமயம் எதுவாயினும், நம்மைக் குறித்து முடிவு செய்ய வேண்டியவர் யார் என்னும் வினா அதில் அடங்கியிருந்தது.

கோயில், மசூதி, தேவாலயம் ஆகியவற்றின் கட்டடச் சாயல்கள் இணைந்த தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6ஆம் நாள் அர்ப்பணிக்கப்பெற்றது. 1945 ஜனவரி முதல் நாள் பேராயர் இயற்கை எய்தினார். அவர் பாடுபட்ட திருச்சபை ஒற்றுமை, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்திற்கு இவ்வரலாறு தரும் பாடம் ஒன்று உண்டு. எத்தனை பேர் படித்துத் தேறினர் என்று கணக்கிடுவதோடு, தேறியவருள் எத்தனை பேர் தம் தெருவுக்குத் திரும்பி ஒரு பிள்ளைக்கேனும் எழுத்தறிவித்தனர் என்றும் கணக்கிடுவோமாக. இளைஞர்களே, அக்கணக்கில் உங்கள் பெயரும் இடம்பெறுக!