மடொல் தூவ தந்த மார்ட்டின் விக்கிரமசிங்க

அட்டன் மலைச்சாரலிலே ஆசிரியத் தொழில் புரியும் நான், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்லும் வாழ்க்கை வரலாறுகளுள் ஒன்று சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவினுடையது. கடலோரத்திற் பிறந்த அவருக்கும் தேயிலைமலைக்கும் என்ன உறவு என அன்பர்கள் வினவக்கூடும். அவ்வுறவை அவர் படைத்த சிறுவன் ஒருவனிடத்தே நான் காண்கிறேன்.

1890 மே 29 ஆம் நாள், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலையில் அவர் பிறந்தார். 1901 இல் தந்தையார் மறைந்தார். அதன்பின் பள்ளிப்படிப்பு நெடிது நிலைக்கவில்லை. 1906 இல் கொழும்புக் கடையொன்றிற் கணக்கெழுதும் வேலைக்கு அமர்ந்தார். தாமே முயன்று கற்று, 1914 இல் 'லீலா' என்னும் முதல் நாவலை வெளியிட்டார். 1920 இல் 'தினமின' நாளிதழிற் சேர்ந்து, பின்னர் அதன் ஆசிரியராகவும் உயர்ந்தார். 1944 இல் வெளிவந்த 'கம்பெரலிய' அவருக்கு அழியாப் புகழை ஈட்டித் தந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது கொக்கலையில் விமானத்தளம் எழுந்தது. ஊரார் வீடுவாசலைத் துறந்து வெளியேறினர். அவர் பிறந்த வீடு மட்டும் தப்பிநின்றது. ஊர் குலைந்தபின், 1947 இல், அவ்வூர் ஏரியையும் கண்டற்காட்டையும் நிலைக்களனாக்கி 'மடொல் தூவ' என்னும் சிறுவர் நாவலை எழுதினார்.

தாயை இழந்த உபாலி, தன் வீட்டு வேலைக்காரச் சிறுவன் ஜின்னாவுடன் ஊரைவிட்டு ஓடுகிறான். பேய் உலவும் என்று பலரும் அஞ்சிய தீவிலே இருவரும் காடு திருத்திப் பயிரிடுகின்றனர். ஆங்கே ஏவுவோனும் ஏவப்படுவோனும் இல்லை. ஒருவருக்கொருவர் துணையாகும் இரு தோழர்களே உளர். குறும்பு உழைப்பாகக் கனிகிறது.

மலையகத்துப் பள்ளியில் ஆசிரியராயிருந்தோர், வகுப்பிலே திடீரென வெறுமையாகும் இருக்கைகளை அறிவர். அங்கிருந்த பிள்ளை கொழும்பில் எவர் வீட்டிலோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும். ஆதலால் என் நெஞ்சில் நிற்பவன் உபாலியினும் ஜின்னாவே. ஏவல் செய்யப் பிறந்தவன் என்று உலகம் கருதிய பிள்ளையின் கையில், ஒரு தீவையே விளைநிலமாக்கும் ஆற்றலை விக்கிரமசிங்க கண்டார்.

1976 ஜூலை 23 ஆம் நாள் அவர் காலமானார். பிறந்த வீடு இன்று நினைவில்லமாகத் திகழ்கிறது. எனினும், வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையேனும் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்புமாயின், அதுவே அந்நூலுக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பாகும்.