யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி? 12 படுக்கையில் தொடங்கி ஈரோட்டு வாசல் வரை வந்த புற்றுநோய் சேவை

ஈரோடு மாவட்டத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகள் மத்தியில் ஒரு பெயர் அடிபடும். முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துருச்சா, இன்னும் வரலையா என்று பேசிக்கொள்வார்கள். அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு வைத்த பெயர் அது. ஆனா, அந்தப் பெயருக்கு உரியவர் யாருன்னு கேட்டா பலருக்கும் சட்டுன்னு பதில் வராது. அதே சுகாதார நிலையத்தில் இன்று இலவசமாக நடக்கும் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இன்னும் குறைவான பேருக்கே தெரியும்.

புதுக்கோட்டைப் பெண்

1886 ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண் பிள்ளைகள் நாலு எழுத்து படித்தாலே பெரிய விஷயம் என்றிருந்த காலம். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டபோது ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒத்துக்கொண்டார்.

தங்கைக்கு என்ன ஆனது?

1920-களின் தொடக்கத்தில் முத்துலட்சுமியின் தங்கைக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. சீதபேதி என்று நினைத்து அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். நோய் தீரவில்லை. கடைசியில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை பட்ட வலியை முத்துலட்சுமி பக்கத்திலிருந்து பார்த்தார். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தங்கையின் உயிரைப் பறித்தது நோய் மட்டுமல்ல, அது என்ன நோய் என்று தெரிய எடுத்துக்கொண்ட நாட்களும்தான். படித்த குடும்பத்துக்கே இந்த நிலைன்னா, கூலி வேலைக்குப் போற குடும்பத்துக்கு என்ன கதி? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1925-ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது, லண்டனில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையின் வேலைகளை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டார். இப்படி ஒரு மருத்துவமனை நம்ம ஊருக்கும் வேணும் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது.

சட்டமன்றத்தில் சாதித்தது என்ன?

ஊர் திரும்பியதும் வேறொரு பொறுப்பு காத்திருந்தது. சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் எடுத்த முயற்சிக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அதே அளவுக்கு ஆதரவும் இருந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் நடத்திய ‘குடிஅரசு’ இதழ் இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதியது.

1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார். போக்கிடம் இல்லாத பெண் குழந்தைகளுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை ஆனது. தொடங்கிய வேலையை எத்தனை வருஷம் ஆனாலும் விடாதவர் என்பதற்கு அது ஒரு சாட்சி. புற்றுநோய் மருத்துவமனைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் போராட வேண்டியிருந்தது.

செத்துப்போறவங்களுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டையொட்டி, புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தார். ஆண்டுகள் ஓடினவே தவிர வேலை நடக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்குப் போய் ஏன் தனி மருத்துவமனை என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது. மக்களிடம் இன்னொரு சிக்கல். அந்த நோய் வந்ததை வெளியே சொல்லவே கூச்சம். மார்பில் கட்டி வந்த பெண் அதைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைப்பாள். அக்கம்பக்கத்தில் ஒட்டுவாரொட்டி என்று பயந்து ஒதுங்குவார்கள்.

அரசு கைகொடுக்கும் என்று காத்திருந்து பார்த்த முத்துலட்சுமி, 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். சங்கத்துப் பெண்கள் நன்கொடை திரட்டினார்கள். மறைத்து வைக்க வேண்டிய நோய் என்றிருந்தது, நாலு பேரிடம் பேசி உதவி கேட்கும் பொது விஷயமானது. பணத்தைவிட இதுதான் பெரிய மாற்றம் என்று சொல்லலாம்.

12 படுக்கை, 2 டாக்டர்

1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்றே அமைந்த முதல் மருத்துவமனை இது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. குடிசை போன்ற சிறிய கட்டடம், 12 படுக்கைகள், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் பயிற்சி பெற்ற அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955-ல் டாக்டர் வி.சாந்தா வந்து சேர்ந்தார். கையில் கிடைத்த அரசு வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர் சாந்தா. முதலில் சம்பளமே இல்லை. பிறகு கொடுத்தது மாதம் 200 ரூபாயும் வளாகத்தில் தங்க இடமும். காசு இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை தொடக்கத்திலேயே வேரூன்றியது.

புற்றுநோய் ஒரு நாளில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிற நோய் இல்லை. வாரக்கணக்கில் தங்க வேண்டும். கூட ஒருத்தர் இருக்க வேண்டும். சாப்பாடு, தங்கும் இடம், பஸ் செலவு, வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலி எல்லாம் சேர்ந்துதான் சிகிச்சை. இந்தச் சுமையை நோயாளியின் குடும்பம் மட்டும் தூக்க முடியாது. ஊரும் சேர்ந்து தோள் கொடுத்தால்தான் முடியும் என்பதே அந்த மருத்துவமனை பிறந்த விதம் சொல்லும் பாடம்.

1956-ல் முத்துலட்சுமிக்கு பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ம் தேதி, 81 வயதில் காலமானார்.

ஈரோட்டுக்கு என்ன சம்பந்தம்?

ஈரோட்டிலிருந்து அடையாறு சுமார் 400 கி.மீ. பல வருஷமாக ராத்திரி ரயிலில் ஏறி அங்கே போய் வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்குப் போய் வர ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக்கு முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனை தரும் சான்றிதழ் இருந்தால் போதும். இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சாய ஆலைக் கழிவு, காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீர் என்று பேச்சு வரும்போதெல்லாம் புற்றுநோய் பயமும் கூடவே வரும் ஊர் இது. பயம் மட்டும் இருந்து பயன் இல்லை, பரிசோதனையும் வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு முன்னோட்டமாகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கிய 4 மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. மற்றவை கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும், 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் பரிசோதனை. செலவு ஒரு பைசா கிடையாது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து அழைப்பு கொடுப்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

அழைப்பை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் பலன் இல்லை. எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான இருக்கறேன் என்று சொல்லித் தட்டிக் கழிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் இந்தப் பரிசோதனையே நன்றாக இருப்பவர்களுக்காகத்தான். வலி வந்த பிறகு செய்வது சிகிச்சை, வலி வருவதற்கு முன் செய்வதுதான் பரிசோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நோயாக மாறப் பல வருஷம் ஆகும். நடுவில் கண்டுபிடித்துவிட்டால் தடுத்தே விடலாம்.

முத்துலட்சுமியின் தங்கைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. இன்று அது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, அவர் பெயரில் மகப்பேறு உதவி கிடைக்கும் அதே இடத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை அங்கே போகும்போது, கூட வந்த அம்மாவையும் மாமியாரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனால் அரை மணி நேரம்தான் கூடுதலாக ஆகும்.