பேச்சினால் அவையை நிறுத்திய பார்னல்

நாவன்மை படைத்தோர் அவையிற் புகழ் பெறுதல் வியப்பன்று. தொடக்கத்தில் அவையில் எழுந்து நின்றாற் சொல் தடுமாறும் இயல்பினரான ஒருவர், பேச்சையே படைக்கலமாக்கி ஒரு பேரரசின் பாராளுமன்றத்தைத் திகைக்க வைத்தமையே வியப்பு. அவர்தாம் அயர்லாந்தின் தலைவர் சார்ள்ஸ் ஸ்ரூவேட் பார்னல்.

1846 ஆம் ஆண்டு யூன் 27 ஆம் நாள் விக்லோவிலுள்ள அவொண்டேல் மாளிகையிற் பிறந்தார். நிலப்பிரபுக் குடும்பம், புரட்டஸ்தாந்து சமயம். தாயாரோ அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகள். கத்தோலிக்கக் குடியானவர் நிறைந்த நாட்டுக்கு இத்தகைய ஒருவர் தலைவராவார் என எவரும் எண்ணியிரார். 1875 ஏப்ரலில் மீத் தொகுதி அவரை இலண்டன் மக்கள் சபைக்கு அனுப்பியது.

1801 முதல் அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் இல்லை. 650 பேரளவிலான அச்சபையில் அயர்லாந்தின் பிரதிநிதிகள் நூற்றுவரளவினரே. எத்துணை நியாயம் உரைப்பினும் வாக்கெண்ணும்போது தோல்வியே காத்திருந்தது. நயந்து வாதித்தால் நீதி கிடைக்கும் என்று அக்காலத் தலைவர் ஐசாக் பட் நம்பினார். நீதியோ வந்தபாடில்லை.

பார்னல் ஆசனம் ஏற்ற அன்றே, பெல்பாஸ்ற் வணிகரான ஜோசப் பிகர் அரசாங்க அறிக்கைகளை வாசித்து வாசித்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் பேசினார். புதியவர் அதிலே ஒரு வழியைக் கண்டார். பேச்சை இடைமுறித்து முடிவு காணும் விதி அன்று அச்சபையில் இல்லை. பேச எழுவோர் ஓயும்வரை வாக்கெடுப்பு நிகழாது. ஆகவே திருத்தத்தின்மேல் திருத்தம், ஒத்திவைப்புப் பிரேரணைகள், ஒவ்வொன்றுக்கும் நீண்ட பேச்சு எனப் பார்னலும் அவர் தோழர் சிலரும் காலத்தைக் கைப்பற்றினர். 1877 யூலை 31 இல் தொடங்கிய அமர்வு, தென்னாபிரிக்க மசோதாவின்பொருட்டு 26 மணி நேரம் நீண்டது. அமெரிக்க செனற் சபையிற் பிலிபஸ்ரர் எனப்படும் உபாயமும் இவ்வினத்ததே.

இச்செயல் அவையின் மாண்பைக் கெடுக்கும் எனப் பட் கண்டித்தார். அவர் கூற்றிலும் பொருளுண்டு. பெரும்பான்மையோர் ஆளவியலாத அவையால் எவர்க்கும் பயனில்லை. ஆயினும் சிறுபான்மையோரைக் கேளாமலே முடிவு செய்யும் அவையிலும் நீதியில்லை. வீண்பேச்சு எனப் பழிக்கப்பட்ட அப்பேச்சுக்கள் படைவீரரைக் கசையாலடிக்கும் கொடுமையைப் பலநாள் அவைமுன் நிறுத்தின. 1881 இல் அத்தண்டனை ஒழிந்தது.

அவ்வாண்டிலேயே அயர்லாந்தை அடக்க ஓர் ஒடுக்குமுறை மசோதா வந்தது. சனவரி 31 பிற்பகல் தொடங்கிய அமர்வு இரவுகள் இரண்டைக் கடந்து, பெப்ரவரி 2 காலைவரை, 41 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. ஈற்றிற் சபாநாயகர் பிராண்ட், எழுதிய விதி எதுவும் இன்றித் தம் அதிகாரத்தாலேயே விவாதத்தை முடித்தார். மறுநாள் ஐரிஷ் அங்கத்தவர் 36 பேர் சபையினின்றும் நீக்கி வைக்கப்பட்டனர். 1882 இல் விவாதத்தை முடிக்கும் முறை நிலையான விதியாயிற்று. சிலரின் பேச்சை அடக்கப் பிறந்த அவ்விதி அங்கத்தவர் அனைவரையும் கட்டியது. அமெரிக்க செனற் சபை அத்தகைய விதியை வகுத்தது 1917 இலேதான்.

பார்னல் அத்துடன் ஓயவில்லை. தடுக்கும் பேச்சு அயர்லாந்தைப் பிறர் காணச் செய்தது. சட்டம் இயற்ற எண்ணிக்கை வேண்டும் என உணர்ந்தார். சிறையிருந்து மீண்டு, கட்சியை ஒரு கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தார். 1885 தேர்தலில் 86 ஆசனங்கள் கிடைத்தன. இரு பெருங்கட்சிகளின் வலுவும் அவர் கையிலே நிறுக்கப்பட்டது. 1886 இற் கிளாட்ஸ்ரன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தார். 30 வாக்குகளால் அது தோற்றது.

பின் வந்தது வீழ்ச்சி. 1890 இல் முன்னாள் அங்கத்தவர் ஒருவரின் மணவிலக்கு வழக்கிற் பார்னலின் பெயர் அடிபட்டது, கட்சி இரண்டாயிற்று. இழந்த தலைமையை மீட்க ஊரூராய் அலைந்து உடல் நலிந்தவர், 1891 ஒக்டோபர் 6 இல், 45 ஆம் வயதில், மறைந்தார். டப்ளின் கிளாஸ்நெவின் மயானத்தில் அவர் உடல் அடக்கம் பெற்றது.

அவர் கைக்கொண்ட வழி முற்றும் நன்றென்பார் சிலர், தீதென்பார் சிலர். கேட்கப்படாதவன் கதவைத் தட்டும் ஓசை இல்லத்தார்க்கு இடையூறே. ஓசையை மட்டும் அடக்க விதி செய்தவர்கள் கதவைத் திறக்கக் காலந்தாழ்த்தினர். அத்தாழ்வின் விலையை இரு நாடுகளும் பின்னர்க் குருதியாற் கொடுத்தன.