சணல் முறுக்கிய விஞ்ஞானி

அகத்தியர்கூட மலைக்கு ஏறுவோர் புறப்படும் இடம் போனக்காடு. அங்கே தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்தவன் நான். லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டுப் பேச்சு நம் வீட்டில் கேட்கும். நம் வீட்டுச் சண்டை அங்கே கேட்கும். இன்று நான் ஆராயும் பொருளும் ஏறத்தாழ இதுவே.

கைத்தொலைபேசிக்குள் பல ஆன்டெனாக்கள் நெருங்கிக் குடியிருக்கின்றன. ஒன்று வீசும் அலையில் ஒரு பகுதி அடுத்ததற்குள் புகுந்து குழப்புகிறது. அரை அலைநீளமாவது விலக்கி வைத்தால் நலம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 6 சென்டிமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு இடம் ஏது? எனவே, அலைநீளத்தினும் மிகச் சிறிய செப்பு வளையங்களை இடையில் வரிசையாகப் பொறித்து அலையைத் தடுக்கிறார்கள். பொருளால் அன்றி, அமைப்பால் புதுக்குணம் பெறும் இத்தகையவற்றுக்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். இதற்கேற்ற அயல்நாட்டுத் தகடு வாங்க வசதியின்றி, ஆய்வையே கைவிட எண்ணியிருந்தேன். அவ்வேளையில்தான் ஜகதீச சந்திர போஸின் வரலாற்றைப் படித்தேன்.

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் அரசாங்க அதிகாரி. ஆயினும் மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். மீனவர் மகனும் ஏவலாளர் மகனும் அங்கே அவருடைய தோழர்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த எனக்கு இச்செய்தி மிகவும் இனித்தது.

பின்னர் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் கற்றுத் திரும்பி, 1885-இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பேராசிரியரானார். வெள்ளையருக்கு ஓர் ஊதியம், இந்தியருக்கு அதனினும் குறைந்த ஊதியம் என்பது அந்நாளைய நீதி. போஸ் மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடவே இல்லை; பாடம் நடத்துவதையும் நிறுத்தவில்லை. குடும்பமோ கடனில் இருந்தது. இறுதியில் அரசாங்கம் இறங்கி வந்து, முழு ஊதியத்தையும் நிலுவையோடு கொடுத்தது. அதைக் கொண்டு தந்தையின் கடனை அடைத்தார். அவருடைய துணைவியார் அபலா போஸ் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பதும் நாம் அறியத்தக்கது.

ஆய்வுக்கென்று கல்லூரியில் நல்ல கூடம் இல்லை. ஒரு சிற்றறையில், உள்ளூர்த் தொழிலாளியைக் கொண்டே கருவிகளைச் செய்வித்தார். ஹெர்ட்ஸ் கண்ட அலைகளைச் சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுருக்கினார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவரை ஊடுருவிச் சென்ற அலை மணியை அடித்தது. வெடிமருந்தைப் பற்ற வைத்தது.

நான் தேடிய செய்தி 1898-இல் இருந்தது. சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும். மின் அலைக்கும் அவ்வாறு செய்ய இயலுமா என்று போஸ் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் பொன்னன்று, வெள்ளியன்று. வங்காளத்து வயலில் விளையும் சணல்! சணற்கற்றைகளை முறுக்கி அலையின் வழியில் வைத்தார். வலப்புறம் முறுக்கியது ஒரு திசையிலும், இடப்புறம் முறுக்கியது எதிர்த்திசையிலும் அலையின் தளத்தைத் திருப்பின. சணல் ஒன்றே, முறுக்குத்தான் வேறு. ஆன்டெனாக்களின் பூசலை அவர் ஆராயவில்லை. ஆனால் அமைப்பே குணத்தைத் தரும் என்ற உண்மையைக் கையால் முறுக்கிக் காட்டினார். மெட்டாமெட்டீரியல் ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று அவரை அறிஞர்கள் போற்றுகின்றனர்.

பின்னாளில் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-இல் தம் பெயரால் ஆய்வு நிலையம் கண்டார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிடியில் மறைந்தார்.

நானும் கடைத்தெருவில் கிடைக்கும் மலிவான தகட்டிலேயே வளையங்களைப் பொறித்தேன். விரும்பிய அளவு வரவில்லை. ஆயினும் கசிவு குறைந்தது. நம் சங்கத்துத் தம்பி தங்கையரே! கையில் இருப்பது எளிய பொருள் என்று கலங்காதீர். அதை எவ்வாறு முறுக்குவது என்று எண்ணுங்கள்.