28 வயதில் மறைந்த சுப்பராமன்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் இன்று ஒரு கல்யாணம் என்றால், முதல் நாள் மாலையே ஒரு வேன் வந்து நிற்கிறது. ஆள் உயரப் பெட்டிகள் இறங்குகின்றன. 'டி.ஜே.' என்று அழைக்கப்படும் வாலிபர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மேடையின் ஓரத்தில் நிற்கிறார். 'சிப்காட்' தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து வந்த பிள்ளைகள் நள்ளிரவு வரை ஆடுகிறார்கள். அந்த அதிர்ச்சியில் பந்தல் கால்கள் நடுங்குகின்றன. வயதானவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விடுகிறார்கள்.

அங்கே உட்கார்ந்து அவர்கள் பேசுவது பழைய 'மைக் செட்'டைப் பற்றி!

டி.ஜே. என்ற இரண்டு எழுத்தில் முதல் எழுத்து இசைத்தட்டைக் குறிப்பது. இன்றைய டி.ஜே.யிடம் பெரும்பாலும் தட்டு இருப்பதில்லை. ஆனால் அந்தக் காலத்து மைக் செட்டுக்காரரிடம் தட்டுதான் சொத்து. பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிக்கரை ஊர்களுக்கு அவர் மாட்டு வண்டியில் வருவார். மின்சாரம் வராத ஊரென்றால் கார் பாட்டரியும் கூடவே வரும். வேப்ப மரத்து உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுவார். காகித உறை போட்ட தட்டுகளை ஒரு பெட்டியிலும், ஊசிகளைச் சிறிய தகர டப்பாவிலும் வைத்திருப்பார். முதலில் சாமி பாட்டு, அது சம்பிரதாயம். பிறகு சினிமாப் பாட்டு. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். ஊசி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரும். ஊரே சிரிக்கும்.

இப்படி ஒலித்த தட்டுகளில், தலையை மட்டும் அல்லாமல் காலையும் ஆட்டச் செய்த பாட்டுகள் சில உண்டு. பாடியவர் யார் என்பது ஜனங்களுக்குத் தெரியும். படத்தின் பெயரும் தெரியும். இசை அமைத்தவரைப் பற்றி அதிகம் பேர் விசாரித்ததில்லை. அத்தகைய இசை அமைப்பாளர்களில் முன்வரிசையில் இருந்தவர், காலஞ்சென்ற சி. ஆர். சுப்பராமன்.

ஆர்மோனியப் பையன்

சுப்பராமன் 1924-ம் ஆண்டு பிறந்தார். திருநெல்வேலிச் சீமையில் உள்ள சிந்தாமணி அவருடைய ஊர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'சி' அந்த ஊரைக் குறிப்பது. வீட்டில் பேசியது தெலுங்கு, வெளியில் தமிழ். பிற்காலத்தில் இரண்டு மொழிப் படங்களுக்கும் சளைக்காமல் இசை அமைக்க அவரால் முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

சிறு பிராயத்திலேயே ஆர்மோனியம் அவர் கையில் வசப்பட்டுவிட்டது. மீசை அரும்பும் வயதில் சென்னைக்கு வந்து, 'எச்.எம்.வி.' கிராமபோன் கம்பெனியில் ஆர்மோனியம் வாசிக்கும் வேலையில் சேர்ந்தார். சினிமா இசை அமைப்பாளர்கள் பலருக்குக் கிராமபோன் கம்பெனிதான் அந்நாளில் பள்ளிக்கூடம். கச்சேரி வித்துவான் வருவார். நாடக நடிகர் வருவார். ஹாஸ்ய வசனம் பேசுகிறவர் வருவார். எல்லோருக்கும் பக்கத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பாடும் வித்துவானை மூன்றரை நிமிடத்துக்குள் அடக்குவது லேசான காரியமா? எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற கணக்கு பையனுக்கு அங்கே பழகிற்று. சென்னையில் பதிவான பாட்டு கல்கத்தா டம்டம் தொழிற்சாலைக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வரும். பையன் வாசித்த ஆர்மோனியம், பையனுக்கு முன்பாகவே ஊர் ஊராகப் போய்விட்டது.

வெகு சீக்கிரத்தில் சினிமா அழைத்தது. 20 வயதைத் தாண்டியதும் படங்கள் குவிய ஆரம்பித்தன. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய நாடகக் குழுவினர் முன்னின்று எடுத்த 'பைத்தியக்காரன்' 1947-ல் வெளிவந்தது. அதன் இசையில் சுப்பராமனுக்குப் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'. எம். எல். வசந்தகுமாரியின் குரல் பின்னணியில் ஒலிக்கத் தொடங்கியது அந்தப் படத்தில்தான். 1948-லேயே 'அபிமன்யு', 'மோகினி'. 1949-ல் 'வேலைக்காரி', 'நல்லதம்பி', 'கன்னியின் காதலி' - இவற்றில் சிலவற்றில் எஸ். எம். சுப்பையா நாயுடுவும் அவரும் சேர்ந்து பணியாற்றினார்கள்.

நடிகை பானுமதியும் அவர் கணவர் ராமகிருஷ்ணாவும் 'பரணி' பட நிறுவனத்தை ஆரம்பித்தபோது, இசைக்குச் சுப்பராமனையே பிடித்தார்கள். பானுமதிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 'ரத்னமாலா'வில் அவருக்கு உதவியாக இருந்தவர் கண்டசாலா! 1949-ல் வந்த 'லைலா மஜ்னு'வில் அரபு நாட்டுப் பாலைவனத்தின் சாயலை இசையிலேயே எழுப்பிக் காட்டினார். அந்தப் பாட்டுகள் தமிழிலும் தெலுங்கிலும் பரவின. அப்போது அவருக்கு 25 வயது.

ஓட்டல் கதவுக்குப் பின்னால்

அந்தக் காலத்தில் நடன இசை என்பது சாமானியர் கேட்கக்கூடிய விஷயமாக இருக்கவில்லை. கியூபா தேசத்து 'ரும்பா', பிரேசில் தேசத்து 'சாம்பா' எல்லாம் 1930-க்குப் பிறகு உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. பிரேசிலில் வளர்ந்த கார்மென் மிராண்டா 1939-ல் அமெரிக்காவுக்குப் போய், தலையில் பழக்கூடை போன்ற தொப்பியுடன் ஹாலிவுட் படங்களில் ஆடினார். இந்தியாவின் பெரிய நகரங்களில் இந்த இசையை வாசித்தவர்கள் கோவாக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும். வாசித்த இடங்கள் பெரிய ஓட்டல்களும் கிளப்புகளும். சில கிளப்புகளுக்குள் இந்தியர்களை அங்கத்தினராகவே சேர்க்கமாட்டார்கள். பிள்ளைப்பாக்கத்து விவசாயி அந்தத் தெருப்பக்கம் போயிருக்கவே மாட்டார். போயிருந்தாலும் கதவைத் தாண்டியிருக்க முடியாது.

அந்தக் கதவைத் திறந்துவிட்டது சினிமா. வெள்ளைக்காரர்கள் புறப்பட்ட பிறகு கிளப்புகளில் வேலை குறைந்தது. வாத்தியக்காரர்கள் ஸ்டூடியோக்களைத் தேடி வந்தார்கள். பம்பாயில் சி. ராம்சந்திரா 1951-ல் 'அல்பேலா'வில் இந்த இசையை வைத்து நாட்டையே ஆட்டினார். சென்னையில் 1948-லேயே 'சந்திரலேகா'வில் ராஜேசுவர ராவ் பல தேசத்து இசையைக் கலந்து விருந்து வைத்தார். அதே காலத்தில் லத்தீன் அமெரிக்க நடன இசையைத் தமிழ்ப் பாட்டுக்குள் பாங்காகப் பொருத்திக் காட்டிய முன்னோடி சுப்பராமன்.

இதில் என்ன சாமர்த்தியம் என்று கேட்கலாம். தட்டைப் போட்டுக் கேட்டு அப்படியே வாசித்தால் போதாதா? போதாது. அந்தத் தாளத்தின் ஜீவன் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. எட்டு மாத்திரைகளை நான்கு, நான்கு என்று பிரித்தால் அது அணிவகுப்பு நடை. மூன்று, மூன்று, இரண்டு என்று உடைத்தால் இடுப்பு அசைகிறது. நம் தவில்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல; அவர்கள் கோவில் வாசலில் இதைவிடக் கடினமான கணக்குகளைப் போட்டு வருகிறார்கள். காய்ந்த சுரைக்குடுக்கையில் விதையைப் போட்டுக் குலுக்கும் 'மராக்கஸ்' ஒன்றும் நம் காதுக்கு அந்நியமான சத்தம் அல்ல. புதிதாக வந்தவை டிரம்பெட்டும் பியானோவும்தான். இரண்டு பக்கத்துக்கும் உள்ள உறவைக் காதால் கண்டுபிடித்ததே சுப்பராமனின் கெட்டிக்காரத்தனம். தமிழ் வார்த்தைகளில் குறிலும் நெடிலும் எங்கே விழுகின்றன என்று பார்த்து அந்தத் தாளத்தில் உட்கார வைத்தார். பாட்டு ஆடியது, தமிழும் சிதையவில்லை.

ஒலிப்பதிவு நடந்த விதத்தையும் நினைக்க வேண்டும். ஸரிகம எழுதி வாசிக்கும் வயலின்காரர் ஒருபுறம். ஐரோப்பிய இசைக் குறியீட்டைப் பார்த்து வாசிக்கும் டிரம்பெட்காரர் மறுபுறம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். பாடகரும் கூடவே பாட வேண்டும். ஒருவர் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து! இந்தி ரிக்கார்டு ஒன்றைக் கையில் எடுத்து வந்து, இதே மெட்டு வேண்டும் என்று கேட்கும் பட முதலாளிகளும் உண்டு. அந்தத் தொல்லையிலிருந்து எந்த இசை அமைப்பாளரும் முழுக்கத் தப்பியதில்லை.

சுப்பராமன் வெறும் மேல்நாட்டு மோகக்காரர் என்று நினைத்தால் அது பெரிய தவறு. 'நல்லதம்பி'யில் கலைவாணரின் 'கிந்தனார்' காலட்சேபத்துக்கு இசை தந்தவரும் அவரே. கலைவாணர் 1951-ல் எடுத்த 'மணமகள்' படத்தில் பாரதியாரின் 'கண்ணம்மா - என் குழந்தை' பாட்டை ராகமாலிகையாக அமைத்தார். எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினார்கள். அந்த மெட்டு சினிமாவை விட்டுப் புறப்பட்டுக் கச்சேரி மேடைக்கே போய்விட்டது. பாரதியாரே அந்த மெட்டில்தான் பாடினார் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓர் இசை அமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது. ஆனால் அந்த விருதில் அவர் பெயர் மட்டும் இல்லை!

பாதியில் நின்ற 'தேவதாஸ்'

அவருடைய குழுவில் டி. கே. ராமமூர்த்தி வயலின் வாசித்தார். எம். எஸ். விசுவநாதன் ஆர்மோனியம் வாசித்தார். சுப்பராமன் இவர்களைவிட அதிகம் மூத்தவர் அல்லர். குருவும் சீடர்களும் ஒரே தலைமுறை வாலிபர்கள்.

இசை அமைத்தால் மட்டும் போதும் என்று சுப்பராமன் இருக்கவில்லை. டி. எல். நாராயணா, டைரக்டர் வேதாந்தம் ராகவய்யா, எழுத்தாளர் சமுத்ராலா ஆகிய நண்பர்களுடன் சேர்ந்து 'வினோதா' பட நிறுவனத்தில் பங்குதாரராகவும் ஆனார். வங்காள எழுத்தாளர் சரத் சந்திரரின் 'தேவதாஸ்' கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்க நிறுவனத்தார் முனைந்தார்கள். நாகேஸ்வர ராவ் தேவதாஸ், சாவித்திரி பார்வதி. காதலில் தோற்றுக் குடித்தே அழியும் நாயகனை ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பாட்டுகள் ஒவ்வொன்றாகத் தயாராகி வந்தன. கூடவே பானுமதி முதன்முதலாக டைரக்ட் செய்த 'சண்டிராணி', 'மருமகள்' ஆகிய படங்களின் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

1952-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி சுப்பராமன் திடீரென்று காலமானார். வயது 28.

படவுலகம் திகைத்தது. ஆனால் திகைப்புக்கு அதிக நேரம் இல்லை. படப்பிடிப்பு நிற்கவில்லை; பட முதலாளிகளின் வட்டி நிற்கவில்லை. விட்டுப்போன மெட்டுகளை முடிக்கும் பாரம், ஆர்மோனியமும் வயலினும் வாசித்துக்கொண்டிருந்த இருவர் தலையில் விழுந்தது. பாதியில் நின்ற வேலையை ராமமூர்த்தியும் விசுவநாதனும் முடித்துக் கொடுத்தார்கள். கேட்பவர்களுக்குத் தையல் தெரியவில்லை.

தெலுங்கு 'தேவதாஸ்' 1953-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி வெளியாயிற்று. சுப்பராமன் இறந்து ஓர் ஆண்டு நிறைவதற்கு ஒரு நாள் பாக்கி. தமிழ்ப் படம் செப்டம்பரில் வந்தது. கண்டசாலாவின் குரலில் தேவதாஸ் பாட்டுகள் தெருவெல்லாம் ஒலித்தன. கல்யாண வீட்டில் போடக்கூடிய பாட்டா அது? இருந்தும் போட்டார்கள்! சோகப் பாட்டு வேண்டாம் என்று பெண் வீட்டார் தடுத்தாலும், பந்தி முடிந்து பெரியவர்கள் தூங்கப் போனபின் வாலிபர்கள் மைக் செட்டுக்காரரைச் சூழ்ந்துகொள்வார்கள்.

அந்தச் சமயத்தில் மைக் செட்டுக்கு ஏற்பட்ட மவுசுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1952-ல் பி. வி. கேஸ்கர் மத்திய மந்திரியானபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போயிற்று. 1957-ல் விவித பாரதி தொடங்கும் வரை, பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் இலங்கை வானொலியைத் திருப்ப வேண்டும். ரேடியோ இல்லாத ஊர்களுக்கு வேப்ப மரத்துக் குழாயே கதி. சுப்பராமனின் கடைசிப் பாட்டுகள் பரவியது அப்படித்தான்.

அவருடைய சீடர்களின் கதை எல்லோரும் அறிந்தது. கலைவாணர் டைரக்ட் செய்த 'பணம்' படத்தில், 1952 டிசம்பரில், 'விசுவநாதன் - ராமமூர்த்தி' என்ற இரட்டைப் பெயர் திரையில் வந்தது. சுப்பராமனை ஆதரித்த அதே கலைவாணர்தான் அவர் விட்டுச்சென்ற இருவரையும் சேர்த்து நிறுத்தினார். 1964-ல் 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை' படங்களில் அவர்கள் கிளப் நடன இசையை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். பியானோவும் டிரம்பெட்டும் அப்போது தமிழ்க் காதுகளுக்குச் சொந்தச் சரக்கு ஆகிவிட்டிருந்தன.

அந்த இரட்டையரிடம் உதவியாளர்களாக இரண்டு வாலிபர்கள் இருந்தார்கள். ஒருவர் கணேஷ். மற்றவர் சங்கர். 1967-ல் 'மகராசி' படத்தின் மூலம் இருவரும் சேர்ந்து தனியாக இசை அமைக்கப் புறப்பட்டார்கள். 1970-க்குப் பிறகு டப்பாங்குத்துக்கும் கிளப் நடனத்துக்கும் மைக் செட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்கிய தட்டுகளில் சங்கர்-கணேஷ் தட்டுகள் ஏராளம்.

அந்தச் சங்கர், சுப்பராமனின் தம்பி.