பம்பாய் நெசவாலைப் பெண்களும் டாக்டர் லூசி வில்ஸும்

புது தில்லி: அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கருவுற்ற பெண்களுக்கு நாள்தோறும் ஒன்று என்ற கணக்கில் 180 நாள்களுக்கு இலவசமாக வழங்கப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இவற்றுள் இரண்டாவது சத்துக்கு வழிகாட்டிய ஆராய்ச்சி நடைபெற்ற நகரம் அன்றைய பம்பாய். அதை நடத்தியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர்.

இங்கிலாந்தில் பர்மிங்காமை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்டில் 1888-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911-இல் தேர்வை முடித்தார். பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க அப் பல்கலைக்கழகத்துக்கு 1948 வரை மனம் வரவில்லை. பின்னர் லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் படித்து 1920-இல் மருத்துவரானார். நோயாளிகளைப் பார்த்துப் பொருள் ஈட்டுவதைவிட ஆய்வுக்கூடமே அவருக்குப் பிடித்திருந்தது.

1928-இல் அவர் இந்தியா வந்தார். பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆறு மாத காலம் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. கர்ப்ப காலத்தில் பெண்களைத் தாக்கிய கடும் ரத்தசோகையை ஆராய்வதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி. இந்நோயில் ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துக் காணப்படும். தாயும் சேயும் மடிவது அரிதன்று. இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முன்னோடியான இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில், பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் பணி தொடங்கியது.

கிருமித் தொற்றுதான் காரணமா என்று முதலில் தேடினார், கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் கவனம் நோயாளிகளின் உணவின்பால் திரும்பியது. எந்தப் பிரிவுப் பெண்கள் எதை உண்கிறார்கள், யாருக்கு நோய் வருகிறது என்று ஒப்பிட்டார். மிக எளிய உணவு உண்ட ஏழை முஸ்லிம் பெண்களிடமே நோய் மிகுந்திருந்தது. மதமோ இனமோ அல்ல, தட்டில் இருந்த உணவே அவர்களை வேறுபடுத்தியது என்ற முடிவுக்கு அவர் வந்தது குறிப்பிடத்தக்கது. காலனி ஆட்சிக் காலத்து மருத்துவர்கள் பலருக்கு எதற்கும் இனமே எளிய விடையாக இருந்தது.

இப் பெண்களின் உணவைப் போன்றதொரு உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை ரத்தசோகைக்கு ஆளாகி, குட்டி ஈனும் முன்பே மடிந்தன. ஈஸ்ட் சேர்த்தபோது நோய் வரவில்லை. ஆனால் எலிகளிடம் பேன் வழியே பரவிய தொற்று இருந்தது தெரிய வந்ததால் அந்த முடிவை மட்டும் நம்ப இயலவில்லை. எனவே குரங்குகளிடம் சோதனையைத் தொடர்ந்தார். மதுவடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து தயாரிக்கப்படும் மார்மைட் என்ற மலிவான சாறு, குரங்குகளைத் தேற்றியது. பின்னர் கருவுற்ற பெண்களையும் தேற்றியது. 1931-இல் இம் முடிவுகளை அவர் வெளியிட்டார்.

ரத்தசோகைக்கு ஈரல் மருந்து அப்போதே வழக்கில் இருந்தது. ஆயினும் அது விலை மிக்கது. புலால் உண்ணாதோர் ஏற்காததும்கூட. மேலும், நன்கு தூய்மைப்படுத்திய ஈரல் சாறு இந்நோயாளிகளிடம் பலனளிக்கவில்லை. ஆகவே மார்மைட்டில் இருப்பது வேறொரு சத்து என்பது உறுதியாயிற்று. பெயர் தெரியாத அப் பொருளை மருத்துவ உலகம் 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தது.

மனிதரிடம் கட்டுப்பாட்டுடன் நடத்தப்படும் சத்துணவுச் சோதனைகள் சிலவற்றில் இன்று உணவுக்கெனத் தனிச் சமையற்கூடமும் உணவியல் வல்லுநரும் உண்டு. பரிமாறுவதையும் மிச்சம் வைப்பதையும் கிராம் கணக்கில் நிறுப்பார்கள். உண்டது எது என்று தெரியாவிட்டால், குணம் தந்தது மருந்தா, சோறா என்று சொல்ல இயலாது. அத்தகைய வசதிகள் அரிதாயிருந்த நாள்களில், உணவுக் கணக்கிலிருந்தே மருந்தைக் கண்டெடுத்தவர் வில்ஸ்.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், உணவு ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற ராபர்ட் மெக்கரிசனின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வு செய்தார். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945-இல் லெடர்லி நிறுவனத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பம்பாய் ஏழைப் பெண்களிடம் தொடங்கிய தேடலை அமெரிக்காவில் நிறைவு செய்தவரும் ஓர் இந்தியரே என்பது நம் பாடநூல்கள் அதிகம் பேசாத செய்தி.

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலிருந்து 1947-இல் ஓய்வு பெற்ற வில்ஸ், பின்னர் செல்சியில் தொழிற்கட்சி கவுன்சிலராகவும் இருந்தார். திருமணம் செய்து கொள்ளவில்லை. 1964 ஏப்ரலில் காலமானார். கருவுறுவதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும் என 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வு நிறுவியதைக் காண அவர் இல்லை.

இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை வழங்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 1970-இல் தொடங்கியது. 2018-இல் 'ரத்தசோகையற்ற பாரதம்' என்ற பெயரில் அது விரிவுபடுத்தப்பட்டது. தேசிய குடும்பநல கணக்கெடுப்பின்படி நாட்டில் ரத்தசோகையுள்ள கருவுற்ற பெண்கள் 2015-16-இல் 50.4 சதவீதம், 2019-21-இல் 52.2 சதவீதம்.