துன்பக்கேணியின் இருள்: புதுமைப்பித்தன் வாழ்வும் நோக்கும்

தமிழ்ச் சிறுகதை முன்னோடிகளுள் தனியிடம் பெற்றவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர் ஆதலின் அவர்தம் தொடக்கக் கல்வி செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் அமைந்தது. நம் வேங்கிக்காலுக்குக் கிழக்கேயுள்ள செஞ்சி, அவர் சிறுவனாய் உலவிய ஊர் என்பது நமக்குப் பெருமை. இளமையிலேயே தாயை இழந்த அவர் 1918இல் நெல்லைக்குத் திரும்பினார். 1931இல் அங்குள்ள இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை சென்று இதழியலை வாழ்வாகக் கொண்டார். 1934 முதல் 'மணிக்கொடி'யில் அவர் கதைகள் வெளிவந்தன.

அந்நாளில் ஆதிக்கவாதிகள் தம்மை ஒளி கொணர்ந்தோராகவும், அடிமை நாடுகளை இருண்ட நிலங்களாகவும் சித்திரித்தனர். காங்கோவில் பணியாற்றித் திரும்பிய ஜோசப் கான்ராட், 1899இல் வெளிவந்த 'இருளின் இதயம்' என்னும் புதினத்தில், அவ்வொளியின் உள்ளே உறைந்த இருளைக் காட்டினார். எனினும் அதிலும் ஆப்பிரிக்க மக்கள் இருண்ட பின்னணியாகவே நிற்கின்றனர் என நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் இடித்துரைத்தார்.

புதுமைப்பித்தன் சென்ற வழி வேறு. 1935இல் வெளிவந்த 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளின் கதை. பிஜித் தீவுப் பெண்களுக்காகப் பாரதியார் பாடிய 'கரும்புத் தோட்டத்திலே' பாடலை அதன் தலைப்பு நினைவூட்டுகிறது. கேணி என்பது கதிரொளி எட்டாத ஆழம். அதில் வீழ்ந்தவள் மருதி. அவள் பின்னணி அல்லள், கதையின் உயிர். உழைத்துக் கறுத்த அவள் கணவனின் பெயரோ வெள்ளையன்! நிறத்தை உயர்வாக எண்ணிய உலகை இப்பெயர் எள்ளுகிறது எனக் கொள்ளலாம். வெள்ளை அதிகாரியின் இச்சை மருதியைச் சிதைக்கிறது. ஆயின் அவளது துயரம் கடலுக்கு அப்பால் தொடங்கவில்லை. சொந்த ஊரின் பண்ணை ஆதிக்கத்திலும் சாதிக் கொடுமையிலுமே வேர் கொண்டது. இருள் நிலத்திலும் இல்லை, தோலிலும் இல்லை. மனிதனை விலைப்பொருளாக்கும் முறையில் உள்ளது. அயலாரை மட்டும் பழிக்காமல் நம்மவரையும் கூண்டில் நிறுத்திய இந்த நேர்மையே அவர்தம் பெருமை எனலாம்.

வறுமையோடு போராடிய அவர், திரைப்படப் பணிக்காகப் பூனா சென்று, காசநோயுடன் மீண்டு, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். வயது 42. அதே ஆண்டு நவம்பரில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, தோட்டத் தமிழர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வெள்ளையர் ஆட்சி நீங்கிய பின்னும் கேணி தூர்ந்துவிடவில்லை.

அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் கங்காணிகளின் சொல்லை நம்பிக் கப்பலேறியோர் உண்டு. தீப ஒளிக்குப் பெயர்பெற்ற மலையின் அடிவாரத்தில் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் 'துன்பக்கேணி'யைத் தேடிக் கற்க வேண்டும். அக்கங்காணிகளின் கதைகளை அறிந்த முதியோர் நம் ஊர்களில் இருப்பின், அவர்தம் நினைவுகளையும் கேட்டு எழுதி வைத்தல் நம் தமிழ்த்துறைக்குரிய நற்பணியாகும்.